கூட்டேரிப்பட்டுக்கு முதலில் வந்தது யார்

பேராசிரியர் கோபப்பட்டுச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த டீயை ஆறவிட்டபடி சன்னலைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதுக்குக் கீழே கொண்டுவந்து காட்டு என்றார். நான் வைத்து வேலை செய்த படிகம் இன்னொரு ஆய்வகத்திலிருந்து இரவல் வந்தது. சனிக்கிழமை அதைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகு உன்னை இந்த ஆய்வில் வைத்திருக்க என்னிடம் காரணம் இருக்காது என்றும் சொன்னார்.

காரணம் இருக்காது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். திண்டிவனத்தில் நான் பட்டப்படிப்பு படித்த கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. அதைக் குறைவாகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவே யாரும் எட்டாத உயரம். ஆனால் இரண்டரை வருஷமாகச் சென்னையில் ஒரு குளிரூட்டிய அறைக்குள் நான் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒளியைச் சுருக்குவது. அதைச் சுருக்காமலே ஊர் திரும்புவது, நாற்று பறித்துவிட்டு நடாமல் கரையேறுவது போல எனக்குப் பட்டது.

நாற்பது என்பது ஃபெம்டோ வினாடிக் கணக்கு. ஒரு வினாடியை ஆயிரமாக உடைத்து, அதில் ஒன்றை எடுத்து மறுபடி ஆயிரமாக உடைத்து, இப்படி ஐந்து முறை உடைத்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு ஃபெம்டோ வினாடி. எங்கள் லேசர் வினாடிக்கு ஆயிரம் துடிப்புகளை விடும். அவ்வளவு குட்டையான ஒரு துடிப்பு ஒற்றை நிறத்தில் இருக்க முடியாது. அதற்குள் பல நிறங்கள் ஒன்றாக ஓட வேண்டும். உண்மையில் அதில் நீலமே கிடையாது, எல்லாம் சிவப்பின் விளிம்பிலும் அதற்கு அப்பாலும் இருப்பவைதான். இருந்தாலும் ஓர் ஓரத்தைச் சிவப்பு என்றும் மறு ஓரத்தை நீலம் என்றும் பேச்சுக்குச் சொல்வோம். இவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் துடிப்பு குட்டை. யாராவது முந்தி யாராவது பிந்தினால் நீளம்.

கண்ணாடி, லென்ஸ் என்று எதற்குள் புகுந்தாலும் சிவப்பு முந்திக்கொள்ளும், நீலம் பிந்திவிடும். இதைச் சரிசெய்யக் கடைசியில் கிரேட்டிங் என்கிற, நுண்ணிய கோடு கிழித்த இரண்டு தகடுகள் உண்டு. அவற்றுக்கு நடுவில் உள்ள தூரத்தைக் கூட்டிக் குறைத்துப் பிந்தியதையும் முந்தியதையும் பெரும்பாலும் இழுத்துச் சேர்த்துவிடலாம். மிச்சம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்குத்தான் அந்த இரவல் படிகம்.

பார்த்தால் ஒரு கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் ஒரு முனையில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அந்த அதிர்வு ஒலியாகப் படிகத்துக்குள் போகும். காதுக்குக் கேட்காத ஒலி. ஒளிக்கு முன்னால் ஒலி நின்றுகொண்டிருப்பது மாதிரிதான், அவ்வளவு மெது. படிகத்துக்குள் ஒளி போக இரண்டு பாதைகள் உண்டு, ஒன்று வேகமானது, ஒன்று மந்தமானது. நான்குவழிச் சாலையும் அதை ஒட்டிப் போகிற சர்வீஸ் ரோடும் மாதிரி. எல்லா நிறமும் பெரிய சாலையில்தான் நுழையும். எந்த நிறம் எந்த இடத்தில் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்க வேண்டும் என்று ஒலி சொல்லும். சீக்கிரம் இறங்கியவன் தாமதமாவான். தள்ளி இறங்கியவன் முந்துவான். ஒவ்வொரு துடிப்புக்கும் புதிதாக ஒலியை அனுப்ப வேண்டும், வினாடிக்கு ஆயிரம் முறை. எந்த ஒலியை அனுப்புவது என்பதைக் கணினியில் நான் எழுத வேண்டும்.

எழுதினேன். எழுபது ஃபெம்டோ வினாடியில் ஆரம்பித்தது தொண்ணூறாயிற்று. இன்னும் கொஞ்சம் திருத்தினேன், நூற்றிருபதாயிற்று.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் அண்ணன் இருந்தார். வியாசர்பாடிக்காரர். திருகாணி திருகுவதிலிருந்து ஏ.சி. பழுது பார்ப்பது வரை எல்லாம் அவர்தான். தினமும் காலையில் வந்ததும் என் மேசையில் கையூன்றி, "இன்னா டாக்டரு, இன்னிக்கு எவ்ளோ நீட்டின?" என்று கேட்பார். ஊர் உலகமெல்லாம் சுருக்குவதற்கு இந்த எந்திரத்தை வாங்கினால் நான் ஒருத்தன்தான் நீட்டுவதற்கு வைத்திருக்கிறேன் என்பார். ஒருநாள் சிரிக்காமலே சொன்னார். "ஒரு தபா மைனஸப் போட்டுத்தான் பாரேன் தம்பி."

நான் என் நோட்டைத் திறந்து அவரிடம் காட்டினேன். முதல் நாள் நானே அளந்து, சிவப்பு மையில் எழுதி, அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தேன்: சிவப்பு முன்னால்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது புரியாது.

எங்கள் ஊர் காணைக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் உள்ளடங்கிய ஊர். நிலம் கிடையாது. அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா நடவுக்கு ஆள் கூட்டிப் போவார். தொண்ணூற்று மூன்றில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது எங்கள் வீட்டுக்குள் முதல்முதலாக ஒரு நோட்டு வந்தது. அதை வைக்க இடமில்லாமல் அரிசிப் பானை மேல் வைத்தார்கள். எழுதிய தாளைக் கிழிக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது, அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மடிக்கக் கூடாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் சிவப்பு மையில் போட்ட சரிக்குறி தெரியும். மூன்றாம் வகுப்பில் நான் தப்பாகப் போட்ட ஒரு கூட்டல் கணக்குக்கு ஆசிரியர் கவனிக்காமல் சரி போட்டுவிட்டார். நான் அழிக்கப் போனேன். வாத்தியார் சரின்னு சொன்னத அழிக்க நீ யாரு என்று கையைத் தட்டிவிட்டார் அம்மா. அந்தப் பக்கத்தைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். தப்பான கணக்கு அது, இன்னும் ஊரில் டிரங்குப் பெட்டிக்குள் சரியாகத்தான் இருக்கிறது.

அப்படி வளர்ந்தவன் நான். எழுதிவிட்டால் எழுதியதுதான். அடித்துத் திருத்தத் தெரியாது. குருட்டாம்போக்கில் மைனஸ் போட்டுப் பார்ப்பது எனக்குத் தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்ப்பது போல இருந்தது. அதனால் தப்பை வேறு எல்லா இடத்திலும் தேடினேன். ஒலி புறப்படும் நேரம் தப்போ என்று ஒரு வாரம். ஒளி படிகத்துக்குள் கோணலாக நுழைகிறதோ என்று ஒரு வாரம். துடிப்பு மட்டும் நீண்டுகொண்டே போயிற்று.

பேராசிரியர் கெடு வைத்த அதே வாரத்தில் பங்குனி உத்திரம் வந்தது. நான் ஆராய்ச்சியில் சேர்ந்தபோதே அம்மா வேண்டிக்கொண்டிருந்தார், ஒரு வருஷமாவது பிள்ளை மயிலம் முருகன் மலைக்கு நடந்து வருவான் என்று. இரண்டு வருஷம் தட்டிப்போயிற்று. பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். போய் வா, இரண்டு நாள் அந்தத் திரையைப் பார்க்காமல் இருந்தால் நல்லது என்றார். கெடுவை மட்டும் தள்ளிப்போடவில்லை. அந்த மனிதருக்கு நான் பட்ட கடன்களில் அந்த இரண்டு நாளும் ஒன்று.

எங்கள் தெருவிலிருந்து மயிலத்துக்கு நடக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் ஒன்றாகப் புறப்பட மாட்டார்கள், ஆனால் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை. அங்கே கடைசி ஆள் வந்து சேரும் வரை பம்பைக்காரர் பம்பையில் கை வைக்கக் கூடாது. எல்லோரும் கூடிய பிறகு பம்பை ஒலிக்க, அங்கிருந்து மலை வரை ஒரே கும்பலாகப் போக வேண்டும். விளக்கு வைப்பதற்குள் மலையேறிவிட வேண்டும்.

யார் எப்போது புறப்படுவது என்பதைச் சொல்வது அம்மாவின் வேலை. ஊரை அனுப்புகிறவர் என்றே அவரைச் சொல்வார்கள். நடவு வயலில் இருபது பெண்கள் வரிசை நட்டுக்கொண்டே பின்னால் போகும்போது யார் கை ஓடும், யார் கை நிற்கும் என்று பார்த்துப் பார்த்து ஆளை நிறுத்திப் பழகியவர். காலை வைத்தே சொல்லிவிடுவார். வயசான பெண்கள் விடியற்காலையில், பிள்ளைக்காரிகள் எட்டு மணிக்கு, வாலிபர்கள் பதினொன்றுக்கு, அவர்களோடு அம்மாவும். நான்கு மணிக்கெல்லாம் எல்லோரும் டீக்கடை முன்னால் நிற்பார்கள். ஐந்து நிமிஷம் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு இரண்டு வருஷமாகக் கெட்டுப்போயிருந்தது. போனில் அம்மா புலம்புவார். வாலிபர்கள் சரியாக வந்துவிடுகிறார்கள், என் பெரியம்மாவும் அவரோடு நடக்கிற இரண்டு பெண்களும் மட்டும் பிந்திவிடுகிறார்கள். முதல் வருஷம் அரை மணி. அடுத்த வருஷம் ஆறு மணிக்குப் பதிலாக ஐந்துக்கே அனுப்பினார், முக்கால் மணி பிந்தினார்கள். இந்த வருஷம் நான்கு மணிக்கே அனுப்புவதாகச் சொன்னார். பம்பைக்காரர் வேறு ஊர் ஆள். இருட்டுவதற்குள் இன்னொரு கும்பலுக்குப் போக வேண்டியவர். உங்களுக்கு வயசாயிடுச்சும்மா, அனுப்புற வேலைய வேற யார் கிட்டயாவது குடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம்.

நான் ஏறிய பாசஞ்சர் ரயில் திண்டிவனத்துக்கு முன்னால் ஒலக்கூரில் வெகுநேரம் நின்றுவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்தேன். ரயில் எப்போது நகருமோ தெரியாது, நீ ஊருக்கு வந்து கிளம்பினால் நேரம் போய்விடும், விழுப்புரத்தில் இறங்கி அங்கிருந்தே நடந்துவிடு, சாமி ஒத்துக்கொள்ளும் என்றார். ஆக, மயிலம் ஸ்டேஷனை ரயிலிலேயே தாண்டிப் போய், விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே மயிலத்துக்குத் திரும்ப நடந்தவன் அந்த வருஷம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான்குவழிச் சாலை போட்ட பிறகு நான் அந்தப் பாதையில் நடந்ததே இல்லை. முன்பு புளியமர நிழலிலேயே விக்கிரவாண்டி வரை போய்விடலாம். இப்போது நிழல் பார்க்கச் சர்வீஸ் ரோட்டின் பாலத்தடியைத் தேட வேண்டியிருந்தது. ஒன்பது மணிக்கே தார் கொதித்தது. வெள்ளைக் கோட்டின் மேல் கால் வைத்து நடந்தேன், அது கொஞ்சம் சூடு குறைவு. மனசுக்குள் எழுபது, தொண்ணூறு, நூற்றிருபது என்றே ஓடிக்கொண்டிருந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். ஒரு ஷேர் ஆட்டோ என்னைக் கடந்து போயிற்று. பின்சீட்டில் மூன்று மஞ்சள் புடவைகள். அதில் ஒன்று என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது. முகத்தை மூடியது, ஆனால் பச்சை குத்திய கையை மூடவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த கை அது. பெரியம்மா.

நான் கூட்டேரிப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. டீக்கடைக்கு முன்னால் யாரும் இல்லை. பின்பக்கம் இளநீர் மட்டைகள் குவித்திருந்த கீற்றுக்கொட்டகைக்குப் போனேன். மூன்று பேரும் கால் நீட்டி உட்கார்ந்து அவித்த மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடா, வா," என்றார் பெரியம்மா. "இப்பத்தான் வந்தோம்."

அவர் முன்னால் கிடந்த தொலி ஒரு முறம் இருந்தது.

"பெரியம்மா, ஆட்டோல பார்த்தேன்."

"பார்த்தல்ல, அதோட வுடு. காலு வெந்துபூடுது. அந்தக் காலத்துல மண்ணு ரோடு, மர நெழலு. இப்ப எவன் நடப்பான் இதுல? உங்கம்மா கிட்ட வாயத் தொறந்த, பாத்துக்க."

சாமிக்கு வேண்டிக்கொண்டு ஆட்டோவில் வரலாமா என்று நான் இழுத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

"இவரு மட்டும் ஊர்லேர்ந்தே நடந்துட்டாரு," என்றார் பெரியம்மா மற்ற இருவரையும் பார்த்து. "மயிலத்த ரயில்ல தாண்டிப் போயி திரும்பி நடந்துகினு வர்றாரு. நாங்களாவது முன்னால பார்த்துப் போனோம்."

மூவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மல்லாட்டையை என் மடியில் அள்ளிப் போட்டார். அப்புறம் தங்கள் ஏற்பாட்டை மெல்ல விளக்கினார்கள். வாலிபர்கள் வந்தவுடனே வெளியே போய் நின்றால் சந்தேகம் வரும். நடந்து களைத்தவர்கள் பிந்தித்தான் வருவார்கள். அதனால் அரை மணி கழித்து, ரோட்டுப் புழுதியை அள்ளி முழங்கால் வரை பூசிக்கொண்டு, சுற்றிப் போய் ரோட்டுப் பக்கமாக நொண்டிக்கொண்டே வர வேண்டும். வழியில் ஏன் கண்ணில் படவில்லை என்று யாராவது கேட்டால், வெயிலுக்குப் பாலத்தடியில் ஒதுங்கியிருந்தோம் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் அம்மா ரொம்ப முன்னாலேயே அனுப்பிவிட்டதால் காத்திருந்து காத்திருந்து மூவரும் கொட்டகையிலேயே தூங்கிவிட்டார்களாம். அதனால்தான் முக்கால் மணி. "உங்கம்மா நேரத்த முன்னால தள்ளத் தள்ள எங்களுக்குத்தான் பேஜாரு," என்றார் பெரியம்மா. "எவ்ளோ நேரம்தான் இங்க குந்திகினு இருக்கறது?"

நான்கு மணிக்கு வாலிபர்களோடு அம்மா வந்தார். அடுத்த கால் மணியில் பிள்ளைக்காரிகளும் வந்து சேர்ந்தார்கள். பம்பைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பாதத்தைப் புரட்டிக் கொப்புளம் பார்த்தார். அப்புறம் விக்கிரவாண்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கரையாயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. ஐம்பது அடி பின்னால் அவர்கள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்க முடியவில்லை, மல்லாட்டை தின்ற வாய்.

"அக்காவுக்குக் காலு தள்ளாடுது போல," என்றார் அம்மா. குரல் இறங்கியிருந்தது. "அடுத்த வருசம் மூணு மணிக்கே அனுப்பிடணும்."

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நின்றது.

முந்தி வந்தவர்களைப் பிந்தி வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு அம்மா இன்னும் முன்னால் தள்ளுகிறார். தள்ளத் தள்ள இடைவெளி கூடுகிறது. கூடக் கூட, தள்ளியது போதவில்லை என்று நினைக்கிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? மண் ரோட்டில், மர நிழலில், நடந்த கால்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. அன்றைக்குச் சரி. ரோடு மாறியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்? துடிப்பை அளக்கும் எங்கள் கருவிக்கு ஒரு குறை உண்டு. துடிப்பு எவ்வளவு நீளம் என்று சொல்லும், அதில் முன்னால் இருப்பது சிவப்பா நீலமா என்று சொல்லாது. முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் அதற்கு ஒரே படம்தான். அதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும். ஒளியின் பாதையில் ஒரு கண்ணாடித் துண்டை வைக்க வேண்டும். கண்ணாடி நீலத்தைத்தான் பிந்த வைக்கும். துடிப்பு நீண்டால் சிவப்பு முன்னால், குறைந்தால் நீலம் முன்னால். முதல் நாள் அதைச் செய்தேன். நீண்டது. கட்டம் போட்டு எழுதினேன். அதன் பிறகு ஒருநாள்கூட மறுபடி வைத்துப் பார்க்கவில்லை.

கூட்டேரிப்பட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்கு அந்தக் கேள்வியே வந்தது. எங்கள் ரோடும் நடுவில் மாறியதா?

பெரியம்மா புழுதிக் காலோடு நொண்டி நொண்டி வந்தார். பம்பை ஒலித்தது. மலை வரை அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பெரியம்மாவும் பிடிக்கக் கொடுத்துக்கொண்டே நடந்தார். மலையிறங்கித் திருநீறு பூசிய கையோடு கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.

வியாழக்கிழமை காலை ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் டெக்னீஷியன் அண்ணனிடம் கேட்டேன், நடுவில் எப்போதாவது கிரேட்டிங்கைத் தொட்டீர்களா என்று.

"தொட்டேனே," என்றார். "ஏ.சி. தண்ணி ஒழுகுச்சில்ல, நீ செமினாருக்குப் போயிருந்தப்ப? ரெண்டையும் கழட்டித் தொடச்சு மாட்டினேன். நீ வந்து கத்துவியேன்னு பழையபடி எழுவதுக்கே கொண்டாந்து வெச்சேன். எழுவதுதானே இருந்துச்சு?"

எழுபதுதான். தகடுகளை ஒரு பக்கமிருந்து நகர்த்தினால் துடிப்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு புள்ளியில் ஆகக் குட்டையாகி, அதைத் தாண்டினால் மறுபடி நீளும். எழுபது அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. அண்ணன் எனக்காக அக்கறையோடு கொண்டுவந்து நிறுத்திய எழுபது மறுபக்கத்து எழுபது.

அலமாரியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கண்ணாடித் துண்டை எடுத்து, துடைத்து, பாதையில் வைத்தேன். படிகத்துக்கு ஒலி கொடுக்கவில்லை, வெறும் கண்ணாடிதான். எழுபதாக இருந்தது நாற்பத்தேழாயிற்று.

நீலம் முன்னால்.

அண்ணன் திரையைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று. என்னால்தானா தம்பி என்றார். இல்லண்ணா, நான் கேட்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான். அவர் மறைக்கவில்லை. என் நோட்டை நான் அவரைவிட நம்பினேன்.

கண்ணாடியை எடுத்துவிட்டு, கணினியில் இருந்த கூட்டலைக் கழித்தலாக மாற்றி எழுதினேன். ஒலி படிகத்துக்குள் போயிற்று. அளவு எடுக்க இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் அண்ணன் என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. முப்பத்தெட்டு என்று வந்தது. மிச்சத்தை அளந்து இன்னொரு முறை திருத்தினேன். முப்பத்தாறு. அதற்குக் கீழே அந்த ஒளியால் போக முடியாது, அதன் நிறங்கள் அவ்வளவுதான். எல்லா நிறங்களும் வந்து சேர்ந்துவிட்டன.

அண்ணன் போய்ப் பேராசிரியரைக் கூட்டிவந்தார். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடித் துண்டைப் பார்த்தார். நோட்டைக் கேட்டு வாங்கிச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. திட்டுவார் என்று நின்றேன். "இதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இன்றைய தேதி போடு" என்று மட்டும் சொன்னார். அவர் முன்னாலேயே அடித்தேன். என் வாழ்க்கையில் நோட்டில் எழுதியதை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்தும் ஒன்றும் ஆகவில்லை.

சாயந்திரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆராய்ச்சி தொடரும் என்றேன். சாமிக்கு நடந்தது வீண்போகவில்லை என்றார். அப்புறம் நான், அடுத்த வருஷம் பெரியம்மாவை ஏழு மணிக்கு மேல் அனுப்பு என்றேன்.

வயலில் ஆள் நிறுத்துகிறவருக்கு அவ்வளவு போதும்.

"ஆட்டோவா, பஸ்ஸா?"

"நான் ஒன்னும் சொல்லலமா."

"நீ சொல்லல. நான் கேக்கவும் இல்ல," என்றார் அம்மா.

மறு வருஷம் அம்மா அவர்களை எட்டு மணிக்குப் பிள்ளைக்காரிகளோடு அனுப்பினாராம். வெயில் ஏறுவதற்குள் டோல்கேட் வரை நடங்கள், அதற்கு மேல் சாமி பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொன்னாராம். சாமி எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று யாரும் விசாரிக்கவில்லை. நான்கு மணிக்குச் சரியாகப் பம்பை ஒலித்தது. பம்பைக்காரரே வந்து அம்மாவிடம், முன்பு சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீங்கம்மா என்றாராம். நான் அப்போது இங்கே, திரும்பிப் போன படிகத்துக்குப் பதிலாகப் பேராசிரியர் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்த புதிய படிகத்தோடு உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் முதல் வேலையாகக் கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தேன். இன்றும் பார்க்கிறேன்.

ஆய்வேடு எழுதி முடித்தபோது நன்றிப் பக்கத்தில் பேராசிரியரையும் டெக்னீஷியன் அண்ணனையும் அம்மா அப்பாவையும் எழுதினேன். கடைசியாக, எது முன்னால் வந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுத்த, பெயர் சொல்ல விரும்பாத மூன்று பெண்களுக்கு நன்றி என்று ஒரு வரி. யார் இவர்கள், வேறு ஆய்வகத்துக்காரர்களா என்று பேராசிரியர் கேட்டார். ஆமாம் சார், கூட்டேரிப்பட்டுப் பக்கம் என்றேன்.

கெட்டி அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா வாங்கி, இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிரங்குப் பெட்டியில் அந்தத் தப்புக் கணக்கு இருக்கிற நோட்டுக்கு மேல் வைக்கப் போனார். பெரியம்மா நடுவில் மறித்து வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை புரட்டினார்.

"எங்களப் பத்தி எழுதிக்கிறியாமே? பேரு கீரு போட்டுடலயே?"

"இல்ல பெரியம்மா."

"ஆட்டோன்னு?"

"அதுவும் இல்ல."

"அப்ப வெச்சிக்க," என்று அம்மாவிடம் நீட்டினார்.